கப்பலுக்குப் போகும் பிள்ளையின் சம்பளம்



சென்ற மாதம் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் இருந்து ஒரு தாய் என்னைத் தேடிக் கிளிநொச்சிக்கு வந்தார். விடியவே புறப்பட்டு, பரந்தன் வீதியால் வந்த முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அது ஆறிப்போகும்வரை தொடவில்லை. மடியில் வைத்திருந்த பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றியிருந்த காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, இதை வைச்சு எங்கையாவது எட்டு இலட்சம் எடுக்கலாமோ? வட்டி குறைஞ்ச இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் வந்தனான்" என்றார்.

எதற்கு இவ்வளவு காசு என்று கேட்டேன்.

"பெடியன் கப்பலுக்குப் போகப் போறான். ஏஜென்சிக்காரர் எட்டு கேக்கினம். பாதியை இந்தக் கிழமைக்குள்ளை கட்டினால்தான் இடம் கிடைக்குமாம். மாசம் 450 டொலர் சம்பளமாம்."

அவரது முகத்தில் கவலையைவிட நம்பிக்கைதான் கூடுதலாகத் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்தத் தாய் 2009 மே மாதத்தில் கணவரை இழந்தவர். அப்போது மகனுக்கு நான்கு வயது, மகள் கைக்குழந்தை. முகாமில் இருந்து மீளக் குடியேறிய பிறகு கருவாடு போட்டும், கச்சான் பிடுங்கும் கூலிக்குப் போயும், வீட்டுத்திட்ட வேலைகளுக்குக் கல் சுமந்தும் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தெடுத்தார். நுண்கடன் ஒன்றில் மாட்டி, அதில் இருந்து வெளியே வர மூன்று வருடம் எடுத்தது. இவ்வளவுக்கும் பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த உறுதி ஒன்றுதான்.

நான் நான்கு கேள்விகள் கேட்டேன். பிள்ளையை அனுப்பும் நிறுவனத்தின் பெயர் என்ன? கப்பலின் பெயர் என்ன? கப்பலின் சொந்தக்காரர் யார்? ஒப்பந்தம் எங்கே? நான்குக்கும் அவரிடம் இருந்த பதில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டுமே. ஒப்பந்தம் "அங்கை போனாப் பிறகு" தருவார்களாம். விசிட் விசாவில் ஒரு அரபு நாட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஏற வேண்டுமாம்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒருத்தரிட்டையும் காசு கேக்கப் போகாதையுங்கோ. எனக்கு ஒரு கிழமை தாங்கோ" என்று சொல்லி, உறுதியை அவரது பையிலேயே திரும்ப வைத்தேன்.

என் தம்பியின் கதை

நான் ஏன் அவ்வளவு அவசரமாக மறித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். இது எனக்குத் தெரியாத பாதை அல்ல.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. அடைபட்டுக் கிடந்த எங்கள் இளைஞர்களுக்கு வெளியுலகம் தெரியத் தொடங்கிய காலம் அது. அடுத்த வருடம் என் தம்பியும் கப்பலுக்குப் போகிறேன் என்று நின்றான். முகவருக்குக் கொடுப்பதற்காக என் தாலிக்கொடியை அடகு வைத்தேன். ஒரு தாளையும் நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் ஆங்கிலம் விளங்கியிராது. யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டால் நல்ல காரியம் தடைப்படுமோ என்று பயந்தேன்.

முதல் இரண்டு மாதம் காசு வந்தது. பிறகு நின்றது. பழைய கப்பல். முதலாளி கடனில் விழுந்து, கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். ஏழு மாதம் அவர்கள் அதிலேயே இருந்தார்கள். மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தார்களாம். மீன் பிடித்து அவித்துச் சாப்பிட்டார்களாம். இறங்கி வந்தால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் இறங்கவும் இல்லை. கடைசியில் அந்த ஊர்த் தேவாலயம் ஒன்றின் ஆட்கள் பயணச்சீட்டு எடுத்து அனுப்பி வைத்தார்கள்.

வந்தவன் சொன்னான்: "அக்கா, கப்பல் வேலை பிழையில்லை. நல்ல வேலைதான். என்ன தாளிலை கையெழுத்து வைச்சனான் எண்டு தெரியாமல் ஏறினதுதான் பிழை."

பிறகு அவன் முல்லைத்தீவில் கடற்றொழிலுக்குப் போனான். தாலிக்கொடியை மீட்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது. 2009இல் கொடியும் இல்லை, தம்பியும் இல்லை. இப்போது அந்தத் தாய் உறுதியோடு வந்து நின்றபோது, அன்று நான் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் என் வாயில் வந்தன.

எங்கள் கரையில் தட்டிய கப்பல்

வன்னியில் இருந்த நமக்குப் பிறநாட்டு மாலுமிகள் முற்றிலும் அந்நியர் அல்ல. 2006 டிசம்பர் கடைசியில் ஃபாரா-3 என்ற ஜோர்தான் நாட்டுக் கப்பல் இயந்திரம் பழுதாகி, முல்லைத்தீவுக் கரையில் வந்து தட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவின் காக்கிநாடாவில் இருந்து தென்னாபிரிக்காவின் டேர்பனுக்கு ஏறத்தாழ 14,000 தொன் அரிசி ஏற்றிப் போன கப்பல். அதில் 25 மாலுமிகள் இருந்தார்கள். கரைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள் கிளிநொச்சியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் மட்டும் அங்கேயே நின்றது. 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் தலையைத் தூக்கினால் அந்தக் கப்பல் தெரியும். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின்னர் அதை வெட்டி இரும்பாக எடுத்துப் போனார்கள்.

அந்த வருடம் பெப்ரவரியில் இருந்து, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வாடகைக்கு எடுத்த கிரீன் ஓஷன் கப்பல் காயப்பட்டவர்களைப் புதுமாத்தளன் கரையில் இருந்து ஏற்றிப் போனது. நம்மில் சிலர் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தக் கப்பலும் ஒரு காரணம். அதில் வேலை செய்தவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான். அவர்களுக்கு என்ன சம்பளம், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க அப்போது நமக்கு நேரமில்லை.

இன்று எண்ணிப் பார்க்கலாம். நாம் ரொட்டி சுடும் கோதுமை மா, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பலில்தான் வருகின்றன. உலக வர்த்தகச் சரக்குகளில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியாகப் போகிறது. 2021இல் எடுத்த கணக்கின்படி அந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் ஏறத்தாழ 19 இலட்சம் பேர். பெரும்பாலானவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் இருந்து போனவர்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு இருக்கிறார்கள்.

கப்பலில் எந்த நாட்டுச் சட்டம்?

இங்கே ஒரு கடையிலோ தையல் ஆலையிலோ வேலை செய்தால் இலங்கைச் சட்டம் நமக்குப் பொருந்தும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைத்துத் தந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

கப்பல் அப்படி அல்ல. அது எந்த நாட்டுக் கொடியின் கீழ்ப் பதியப்பட்டிருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்குள் செல்லும். முதலாளி கிரேக்கராக இருப்பார். கொடி பனாமாவினதாக இருக்கும். நிர்வாகம் சிங்கப்பூரில் நடக்கும். வேலைக்காரர் நம் நாட்டவராக இருப்பர். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகள் பிறநாட்டுக் கப்பல்களுக்குத் தங்கள் கொடியைக் கொடுத்துக் கட்டணம் பெறுகின்றன. வரியும் செலவும் குறையும் என்று முதலாளிமார் அங்கே போய்ப் பதிகிறார்கள். சம்பளத்தில் அநியாயம் நடந்தால் எந்த நாட்டு வாசலில் போய் நிற்பது என்று மாலுமிக்குத் தெரியாது.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களது கப்பல்களில் 'லஸ்கார்' என்று அழைக்கப்பட்ட ஆசிய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். அதே கப்பலில் அதே வேலை செய்த வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதிலும் குறைவோதான் அவர்களுக்குக் கிடைத்தது.

அதனால்தான் மாலுமிகளுக்கு நாடு கடந்த ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1946இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய சர்வதேசத் தொழில் அமைப்பின் மாநாடு, தேர்ந்த மாலுமி ஒருவருக்கு மாதம் 16 பவுண் அல்லது 64 டொலர் என்று ஒரு சாசனம் எழுதியது. போதிய நாடுகள் ஏற்காததால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. ஆனால் எண்ணம் சாகவில்லை. இன்று கப்பல் முதலாளிமாரின் பிரதிநிதிகளும் மாலுமிகளின் தொழிற்சங்கங்களும் ஜெனீவாவில் அந்த அமைப்பின் கீழ் கூடி, தேர்ந்த மாலுமியின் அடிப்படைச் சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்கிறார்கள். 2025இல் அது 673 டொலராக இருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் நடந்த பேச்சில், 2026 ஜனவரியில் இருந்து 690, 2027இல் 704, 2028இல் 715 என்று ஒத்துக்கொண்டார்கள். டொலருக்கு 300 ரூபா என்று பிடித்தாலும் 690 டொலர் 207,000 ரூபா ஆகிறது.

இது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. மேலதிக நேரத்துக்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றேகால் மடங்காவது கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டல் சொல்கிறது.

இரண்டு விடயங்களை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொகை ஒரு வழிகாட்டல். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில் இதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். ஒன்றும் இல்லாத கப்பல்களில் குறைக்கப் பார்க்கிறார்கள். மற்றது, 690 என்பது அனுபவமுள்ள தேர்ந்த மாலுமிக்குரியது. புதிதாக ஏறும் பயிலுநருக்கு அதிலும் குறையும். ஆகவே அந்தத் தாய் சொன்ன 450 டொலரை மட்டும் வைத்து இது மோசடி என்று நான் சொல்லவில்லை. எட்டு இலட்சமும், விசிட் விசாவும், இல்லாத ஒப்பந்தமும்தான் என்னை யோசிக்க வைத்தன.

பிரித்தானியாவில் நடந்தது

பணக்கார நாடுகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. 2022 மார்ச் 17ஆம் திகதி, பிரித்தானியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பி அன்ட் ஓ பயணிகள் கப்பல் நிறுவனம் தன் மாலுமிகள் 786 பேரை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தியது. முன்கூட்டியே பதிவுசெய்த வீடியோ ஒன்றில் செய்தியைச் சொன்னார்கள். அவர்களுக்குப் பதிலாக முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம் பிறநாட்டு மாலுமிகளை ஏற்றினார்கள். அவர்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண் என்று நிறுவனத்தின் தலைவரே பாராளுமன்றக் குழுவின் முன் சொன்னார். அப்போது பிரித்தானியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.91 பவுண். கப்பல்கள் வேறு நாட்டுக் கொடியில் சர்வதேசப் பாதையில் ஓடியதால், நாட்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவற்றை எட்டிப் பிடிக்கவில்லை.

வேலையை இழந்தவர்களும் குடும்பக்காரர். அந்த வேலைக்கு வந்தவர்களும் நம்மைப்போல் வீட்டில் கடன் உள்ளவர்கள். இரண்டு ஏழைகளை மோதவிட்டு இலாபம் எடுக்கும் வழி இது. நாட்டில் பெரிய கொதிப்பு எழுந்தது. அதன் பிறகு 2023இல் மாலுமிகள் சம்பளச் சட்டம் ஒன்று வந்தது. வருடத்துக்குக் குறைந்தது 120 தடவை பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களில், அந்த நாட்டுக் கடற்பரப்பில் செய்யும் வேலைக்கு, மாலுமி எந்த நாட்டவராக இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமான சம்பளம் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. உலகம் சுற்றும் சரக்குக் கப்பல்களை இது எட்டாது. ஆனாலும், எங்கள் துறைமுகத்துக்கு வருவதானால் வேலைக்காரருக்குச் சரியாகக் கொடுத்துவிட்டு வா என்று ஒரு நாடு சொல்லலாம் என்பதை அது காட்டியிருக்கிறது.

பிள்ளை ஏற முன்னர் தாய் கேட்க வேண்டியவை

2006இல் கடல்சார் தொழிலாளர் சாசனம் என்று ஒன்று எழுதப்பட்டது. 2013 ஓகஸ்டில் இருந்து அது நடைமுறையில் உள்ளது. இலங்கை 2017 ஜனவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் உள்ளவற்றை நமக்கு விளங்கும் விதமாக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருங்கள்.

முதலாவது, வேலை எடுத்துத் தருவதற்கு மாலுமியிடம் முகவர் காசு வாங்கக் கூடாது. நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவுதான் மாலுமியைச் சேரும். விசாச் செலவு கப்பல் முதலாளியைச் சேரும். பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றுக்கு நாமே செலவழிக்க வேண்டி வரும். அது வேறு. 'இடம் பிடித்துத் தர' என்று கேட்கும் இலட்சங்கள் வேறு.

இரண்டாவது, மாலுமிகளை அனுப்பும் முகவர்களுக்குக் கொழும்பில் உள்ள வணிகக் கப்பல்துறைச் செயலகத்தின் அனுமதி இருக்க வேண்டும். மாலுமிப் புத்தகம் கொடுப்பதும் அந்தச் செயலகம்தான். முகவரின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று அங்கே கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

மூன்றாவது, ஒப்பந்தம் ஏற முன்னரே கையில் வர வேண்டும். வாசிக்கவும், பிறரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் நேரம் தர வேண்டும். முதலாளியின் பெயரும் விலாசமும், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு விடுமுறை, எப்படித் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்து ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். ஒன்றில் ஒரு தொகையும், கப்பலில் ஏறிய பிறகு நீட்டும் இரண்டாவது தாளில் வேறு தொகையும் இருந்தால் அது ஏமாற்று.

நான்காவது, சம்பளம் மாதத்துக்கு மாதம் கணக்குத் துண்டோடு வர வேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வீட்டுக்கு ஒழுங்காக அனுப்பிவைக்கக் கேட்கும் உரிமை மாலுமிக்கு உண்டு. தாயின் பெயரில், மனைவியின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, ஏற முன்னரே அதை எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். நம் பெண்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

ஐந்தாவது, ஓய்வு. 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், கிழமைக்கு 77 மணித்தியாலமும் ஓய்வு இருக்க வேண்டும். வேலை செய்த மாதம் ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தோடு இரண்டரை நாள் விடுமுறை சேரும்.

ஆறாவது, கப்பலின் ஐ.எம்.ஓ. இலக்கத்தைக் கேளுங்கள். ஏழு இலக்கங்கள். கப்பலின் பெயரை மாற்றலாம், கொடியை மாற்றலாம், சொந்தக்காரரை மாற்றலாம். அந்த இலக்கம் மாறாது. அதைக் கொண்டு இணையத்தில் தேடினால் கப்பலின் வயதும் பழைய பெயர்களும் தெரியவரும். மாலுமிகளைக் கைவிட்ட கப்பல்களின் பட்டியலொன்றைச் சர்வதேசத் தொழில் அமைப்பு வைத்திருக்கிறது. அதிலும் பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சாசனம் வணிகக் கப்பல்களுக்குரியது. மீன்பிடிக் கப்பல்களுக்கு இது பொருந்தாது. 'கப்பல் வேலை' என்று சொல்லிப் பிறநாட்டு மீன்பிடிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

கைவிட்டால் என்ன செய்வது?

என் தம்பிக்கு நடந்தது இன்றும் நடக்கிறது. 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. அவர்களில் ஆகக் கூடுதலானவர்கள் இந்தியர்கள்.

ஆனால் தம்பியின் காலத்தில் இல்லாத பாதுகாப்பு ஒன்று இன்று உண்டு. 2017 ஜனவரியில் இருந்து, சாசனத்தின் கீழ் வரும் கப்பல்கள் இதற்கென்று காப்புறுதி வைத்திருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலோ, உணவும் தண்ணீரும் இன்றி விடப்பட்டாலோ, ஊருக்கு அனுப்ப மறுத்தாலோ, அது கைவிடல் என்று கொள்ளப்படும். அந்தக் காப்புறுதியில் இருந்து நான்கு மாதம் வரையான சம்பளப் பாக்கியும் வீடு வரும் செலவும் கிடைக்க வேண்டும். காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறியதும் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாலுமியின் சம்பளப் பாக்கி அந்தக் கப்பலின் மேலேயே கடனாக நிற்கும். நீதிமன்றத்தின் மூலம் கப்பலை மறித்து விற்றுக் கடனை எடுக்கலாம். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் சம்பளமின்றி மாதக்கணக்கில் கிடந்த இந்திய மாலுமிகளுக்கு 2017இல் அப்படித்தான் விடிவு வந்தது. மாளவியா செவன் என்ற அந்தக் கப்பலை விற்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பல மாதம் கப்பலை விட்டு அசையாமல் இருந்ததுதான் அவர்களது போராட்டம்.

கடற்கொள்ளையரிடம் அகப்பட்டாலும் சம்பளம் நிற்கக் கூடாது என்ற திருத்தம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2017 மார்ச்சில் ஏரிஸ்-13 என்ற எண்ணெய்க் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தபோது அதில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். மூன்று நாளில் விடுபட்டார்கள். அந்த மூன்று நாளும் இங்கே அவர்களது குடும்பங்கள் பட்ட பாட்டைக் காத்திருப்பு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளும்

2021இன் கணக்கில் உலகின் மாலுமிகளில் பெண்கள் 24,059 பேர். நூற்றுக்கு ஒன்றேகால். மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் கப்பலில் தரும் பாதுகாப்பு உடைகளும் சப்பாத்துகளும் பெண்களுக்கும் அளவாக இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உடை அளவு சிறிய விடயம் போலத் தெரியும். கழன்று விழும் சப்பாத்தோடு ஏணியில் ஏறிப் பார்த்தவருக்கு அது சிறிய விடயம் அல்ல. கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த நம் சகோதரிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்தத் தாய்

ஒரு கிழமைக்குள் அந்தத் தாயும் நானும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தோம். சொன்ன பெயரில் பதிவு இல்லை என்றார்கள். பிறகு முகவருக்கு எடுத்து அனுமதி இலக்கம் கேட்டோம். "நம்பிக்கை இல்லையெண்டால் விடுங்கோ அம்மா, வேற பெடியள் வரிசையிலை நிக்கிறாங்கள்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். அதன் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். மகன் தாயோடு பத்து நாள் பேசவில்லை. "உங்கடை பயத்தாலை என்ரை வாழ்க்கை போச்சு" என்றானாம். அதே ஊரில் இருந்து அதே முகவரிடம் காசு கட்டிய இரண்டு இளைஞர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பளம் வந்ததா என்று இதை எழுதும்வரை ஊருக்குத் தகவல் இல்லை.

மகன் இப்போது கிளிநொச்சியில் மேசன் வேலைக்குக் கைக்காரனாக நிற்கிறான். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் காசு சேர்க்கிறானாம். கப்பலை அவன் விடவில்லை. விட வேண்டியதும் இல்லை. முறையாகப் போனால் அது குடும்பத்தை நிமிர்த்தக்கூடிய தொழில்தான்.

போன கிழமை தாய் மீண்டும் வந்தார். இம்முறை தேநீரைச் சூட்டோடு குடித்தார். உறுதியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"றங்குப் பெட்டிக்குள்ளை. திறப்பு என்னட்டைத்தான் இருக்கு அக்கா" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அயலிலும் கப்பலுக்குப் போகப் புறப்படும் பிள்ளைகள் இருந்தால் மறிக்காதீர்கள். முதலில் தாள்களை வாங்கிப் பாருங்கள். விளங்காவிட்டால் கிராம அலுவலரிடமோ, பாடசாலை ஆசிரியரிடமோ, மாதர் சங்கத்திலோ காட்டுங்கள். எனக்கும் அனுப்பலாம். விளங்கியவரிடம் காட்டிப் பதில் எழுதுவேன். உறுதியையும் நகையையும் கடைசியாக எடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.